ஆறாவது வீடு

கிளென்ராய்
ஆகஸ்ட் 14, 2018

அன்புள்ள கெரின்,

வியாழக்கிழமையிலிருந்து உனக்கு போன் செய்துகொண்டே இருக்கிறேன். நீ எடுக்கவில்லை. பல் மருத்துவமனையில் வேலை அதிகம் என்று உன் அம்மா சொல்கிறாள். ஊரில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பல்வலி வந்துவிட்டதா என்ன? போகட்டும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். இது உட்கார்ந்து எழுத வேண்டிய செய்தி.

ஜெயித்துவிட்டோம்.

தீர்ப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அசுந்தாவின் மனையில் ஆறு வீடு கிடையாது, ஐந்துதான். நகராட்சி ஆறுக்கும் அனுமதி கொடுத்திருந்தது, தீர்ப்பாயம் அதை வெட்டிவிட்டது. கடைசி வீடு, நம் வேலியை ஒட்டி இரண்டு மாடியாக எழ இருந்ததே, அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த ஊர்க் குளிர்காலத்தில் நம் கொல்லைக்கு வடக்கிலிருந்து மட்டும் வரும் வெயிலை அது மறைக்கும் என்று நாம் சொன்னதை நீதிபதி அம்மாள் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். அசுந்தா போய்ச் சேர்ந்து, அவள் பிள்ளைகள் ஒரே மாதத்தில் மனையை பில்டரிடம் விற்றபோது இந்தத் தெருவே முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

எதிர்வீட்டு டாசோஸ் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். "மெர்வ், நீ தோத்துத் தோத்தே செத்துப்போவேன்னு நெனச்சேன்டா" என்றான். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அவன் வயதில் இதெல்லாம் தேவையா.

வெற்றியில் பாதி உன்னுடையது. தட்டச்சு செய்தது நீ. நிழலைப் பற்றி நான் மூன்று பக்கம் புலம்பி வைத்திருந்ததை நான்கே வரியில் திருத்தி எழுதிக் கொடுத்தாய். அந்த நான்கு வரியைத் தீர்ப்பில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் பெயர் அதில் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்குத்தான் என்ன ஆயிற்று என்று புரியவில்லை. தீர்ப்பை வாசித்துக் காட்டினேன். "நல்லது மெர்வ்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மார்னியை அழைத்துக்கொண்டு வா. சாசேஜ் வாங்கி வைக்கிறேன். தெருவே வருகிறது.

அப்பா


செயின்ட் ஆல்பன்ஸ்
ஆகஸ்ட் 21

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை மார்னிக்குக் காய்ச்சல் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை.

அந்த ஆறாவது வீடு என்னுடையது.

இதைச் சுற்றி வளைத்து இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். வேறு விதமாகச் சொல்ல வரவில்லை. மார்ச் மாதம் நீங்கள் வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் சாஸ் பாட்டில், உப்பு, மிளகு, உங்கள் கண்ணாடிக்கூடு என்று வைத்துவிட்டு டாசோசுக்கு போன் செய்யப் போனீர்கள். நான் குனிந்து பார்த்தேன். ஆறாவது வீடு. கீழே ஒரு அறை, மேலே இரண்டு, ஒரு கார் நிறுத்த இடம், ஒரு படுக்கை விரிப்பு அளவுக்கு வெளி. இருப்பதிலேயே சின்னது, பின்னால் ஒதுங்கியது, விலை குறைவு. இது என்னால் முடியும் என்று தோன்றியது. மார்னி பிறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் வீட்டு ஏலத்துக்குப் போகிறேன். நான் கையைத் தூக்குவதற்கு முன்பே விலை என்னைத் தாண்டிப் போய்விடும். முதல்முறையாக ஒரு வீட்டைப் பார்த்து "முடியும்" என்று தோன்றியது. அதுவும் நான் பிறந்த தெருவில், உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். பள்ளி விட்டதும் மார்னி நேராக உங்களிடம் வந்துவிடலாம்.

நான் சொல்ல முயலவில்லை என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே, ஆட்சேபத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, இந்த மாதிரி வீட்டுல நானும் மார்னியும் இருந்தா எப்படி இருக்கும்?"

"உன்னை இந்தக் கோழிக்கூட்டுல விடுவேனா? அடுத்த பத்திய அடி."

அடித்தேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பீர்கள். தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறீர்கள், உங்கள் மகளே அதில் வீடு வாங்குகிறாள் என்று டாசோசிடம் எப்படிச் சொல்வீர்கள் என்றும் யோசித்தேன். வீடு கட்டி முடித்து, சாவி கையில் வந்த பிறகு வேலியைத் தட்டிக் கூப்பிடலாம் என்று இருந்தேன். இன்னொன்றும் உண்டு. நீங்கள் தோற்றுவிடுவீர்கள் என்று நினைத்தேன். குத்திக்காட்டவில்லை அப்பா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி, பழைய மருந்துக்கடை மனை, தேவாலயத்துக்குப் பின்னால் எட்டு வீடு, எல்லாவற்றுக்கும் எழுதினீர்கள், எல்லாவற்றிலும் தோற்றீர்கள். இதிலும் தோற்பீர்கள், கோபம் ஆறும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

விசாரணைக்கு உங்களைக் காரில் அழைத்துப் போனவள் நான். உங்கள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எழுந்து, எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒன்றைச் சொன்னீர்கள். "அந்தக் கடைசி வீட்டுல யாரு இருக்கப்போறா? வர்றவங்க, போறவங்க. ஆறு மாசம் இருப்பாங்க, குப்பைத்தொட்டிய ரோட்டுலயே விட்டுட்டுப் போயிடுவாங்க. அப்படிப்பட்டவங்களுக்காக எங்க வெயில ஏன் நாங்க விடணும்?" டாசோஸ் கைதட்டினார்.

ஏப்ரலில் நான் கட்டிய முன்பணத்தை பில்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்ற ஐந்து வீட்டையும் பெரிதாக்கி வரையப் போகிறார்களாம். அவை எனக்கு எட்டாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

கெரின்


கிளென்ராய்
ஆகஸ்ட் 24

கெரின்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஏப்ரல்லேருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தோத்துடுவேன்னு நெனச்சேன், மெர்வ்."

ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

ஆக, தாயும் மகளுமாக என் தோல்வியை நம்பி வீடு வாங்கியிருக்கிறீர்கள். நான் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டும்போது, மழையில் நின்று கையெழுத்து வாங்கும்போது, "பாவம், எப்படியும் தோற்கப்போகிறான், அலையட்டும்" என்று உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறீர்கள். என் மேசை. என் தேநீர். எதிர் அணியில் ஆடுகிறவன்கூட வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வருவான் கெரின். நீ என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினாய். "சாப்பிட்டீங்களா அப்பா, குளிருது, கோட்டைப் போட்டுக்கோங்க" என்று விசாரணைக்குக் கூட்டிப் போனாயே, அந்தக் காரில் போகும்போது உனக்கு என்ன தோன்றியது? நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

டிராம் ஓட்டினேன். பெரிய படிப்புப் படிக்கவில்லை. மேடையில் பேசத் தெரியாது. வாழ்க்கையில் ஒரு தடவை, எழுபத்திரண்டு வயதில், எழுந்து நின்று பேசி ஜெயித்தேன். அந்த ஒன்றையும் நீங்கள் வைத்துக்கொள்ள விடவில்லை.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கிறாய். சொல்லாததற்கு எப்படிப் பதில் சொல்வது? திரையைப் பார்த்துக்கொண்டே விளையாட்டுக்குக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, "சொன்னேன்" என்கிறாய்.

இதை எழுதும்போது உன் அம்மா படுக்கையறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் போகச் சொல்லவில்லை. உன்னிடம்தான் வருவாள் என்று நினைக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையைக் குளியலறை அலமாரியிலேயே மறந்துவிடுவாள். எடுத்தாளா என்று கேள்.

மெ. ஹாட்ரிக்


செயின்ட் ஆல்பன்ஸ்
செப்டம்பர் 6

அப்பா,

மாத்திரையை மறந்துதான் வந்திருந்தாள். இங்கே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

என் கடிதத்துக்கு "மெ. ஹாட்ரிக்" என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள், நகராட்சிக்குப் போடுவதுபோல. நல்லது.

காரில் என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். பயமாக இருந்தது. நீங்கள் பேசும்போது குரல் நடுங்கிவிடுமோ, அங்கே யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். என் வீடு போய்விடும் என்ற பயம் இல்லை, உங்களுக்கு அவமானம் வந்துவிடும் என்ற பயம். நம்பினால் நம்புங்கள்.

அம்மா சோபாவில் படுக்கிறாள். பேசுவதில்லை. என் அலமாரி எல்லாவற்றையும் காலி செய்து துடைத்துத் திரும்ப அடுக்கினாள். நேற்று அடுப்படியில் நின்றபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தெருவுல இருக்கற ஒவ்வொரு வீட்டப் பத்தியும் அவனுக்குக் கவலை. எந்த வீட்டுல யாரு ஜன்னல் மாத்தினான்னு சொல்லுவான். நீ எங்க இருக்க, எப்படி இருக்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல." நீங்கள் இந்த வீட்டுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறீர்கள். இரண்டு தடவையும் கார் நிறுத்த இடமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள், சொல்லிக்கொண்டே போனீர்கள்.

நீங்கள் நம் மனையை வாங்கும்போது உங்களுக்கு இருபத்தாறு வயது. ஒரே சம்பளம், டிராம் சம்பளம். அம்மா வீட்டில் இருந்தாள். முன்னால் புல்வெளி, பின்னால் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு இடம். அது உங்கள் உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் நானும் படுத்துத் தூங்கவில்லை அப்பா. எனக்கு நாற்பது வயது. நீங்கள் கோழிக்கூடு என்று சொல்வது இருக்கிறதே, அந்தக் கோழிக்கூட்டுக்கே நான் பத்து வருஷம் ஓடினேன். அசுந்தாவின் ஒரு மனையில் ஆறு குடும்பம் இருக்க வேண்டியிருக்கிறதே என்று உங்களுக்குக் கோபம். அந்த ஆறில் ஒன்றாக இருக்க இடம் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் "வர்றவங்க, போறவங்க" என்றீர்கள்.

வீட்டுக்காரர் இந்த வீட்டை விற்கப் போகிறார். நவம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஆமாம், நான் போகிறவள்தான்.

என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

கெரின்


கிளென்ராய்
அக்டோபர் 3

அன்புள்ள கெரின்,

ஒரு மாதம் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதை நான் எப்போதும் உடனே தபாலில் போட்டுவிடுவேன் என்று அம்மா சொல்வாள். இந்தத் தடவை போடவில்லை. நிறைய எழுதினேன், போடவில்லை.

இரண்டு இடத்துக்குப் போய்வந்தேன். யாருக்கும் தெரியாது, டாசோசுக்கும்.

முதலில் தீர்ப்பாயத்துக்கு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கணும்" என்றேன்.

"தீர்ப்பு எப்போ வந்துச்சு?"

"ஆகஸ்ட்டுல."

"அப்ப வாபஸ் வாங்க ஒண்ணும் இல்லையே. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"அதான் பிரச்சினை."

மனநிலை சரியில்லாத கிழவன் என்று நினைத்திருப்பாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

பிறகு பில்டரின் அலுவலகம். நம் தெருவின் சின்ன மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஐந்து வீடு, ஐந்து பச்சை மரம். நம் வீடு வெறும் வெள்ளைக் கட்டை. மரமே இல்லை. விற்பனைப் பையன் நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். ஐந்தில் ஒன்றைப் பழைய ஆறாவது வீட்டு விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டான். "மிஸ்டர் ஹாட்ரிக், ஆறாவது போனதால மத்த அஞ்சும் பெருசாயிடுச்சு. விலையும் ஏறிடுச்சு. சொல்லப்போனா எங்க முதலாளி உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

கிளம்பும்போது அவனாகவே சொன்னான். "அந்த ஆறாவது வாங்கினவங்கதான் பாவம். இங்கதான், நீங்க உக்காந்திருக்கற நாற்காலியில உக்காந்து ரொம்ப நேரம் அழுதாங்க. இன்னும் சின்னதா ஒண்ணு, எங்கயாவது ஓரமா நுழைக்க முடியுமான்னு கேட்டாங்க."

அது என் மகள் என்று நான் சொல்லவில்லை கெரின். சொல்ல வந்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் கொல்லையில் உனக்கு ஒரு சின்ன வீடு கட்டுகிறேன். கொட்டகையை இடித்துவிட்டால் இடம் தாராளம். வாடகை வேண்டாம். நீ, மார்னி, அம்மா எல்லாரும் வந்துவிடுங்கள். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அம்மாவிடம் கேட்டு எழுது. என் கம்பளிச் சட்டை மார்னிக்குச் சரியாக இருக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அப்பா


செயின்ட் ஆல்பன்ஸ்
அக்டோபர் 15

அப்பா,

வேண்டாம்.

நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாசல் உங்கள் வாசல், தண்ணீர் மீட்டர் உங்கள் பெயரில், நான் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டால் உங்கள் புல்வெளியைத் தாண்டி வர வேண்டும். நாளைக்கு நாம் மறுபடி சண்டை போட்டால் நான் எங்கே போவேன்? நான் கேட்டது உங்கள் வீட்டில் ஒரு இடம் இல்லை. என் பெயரில் ஒரு பத்திரம். அது கையில் வந்தது. நீங்கள் பிடுங்கினீர்கள். தெரியாமல்தான், ஆனாலும் பிடுங்கினீர்கள்.

கீழே வருவது அம்மா சொல்லச் சொன்னது. அவளே எழுத மாட்டாளாம். சொன்னபடியே எழுதுகிறேன்:

"மெர்வ், அந்த இடத்துல பாதி என்னுது. நாப்பத்தாறு வருஷமா பாதி என்னுது, ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். குறுக்க வெட்டு. வீடு இருக்கற முன்பக்கம் நீ வெச்சுக்கோ. பின்பக்கம் எனக்குத் தனிப் பத்திரமா எழுது. அதுல நான் கெரினுக்கு வீடு கட்டுவேன். அவ யாரு வாசலையும் தாண்டி வர வேண்டாம், ஓரமா தனி வழி விடணும். சரியா இல்லையா, அத மட்டும் சொல்லு. பேச்சு வேண்டாம்."

இது என் யோசனை இல்லை. அந்த ஆள் தன் கொல்லையை வெட்ட மாட்டார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் பதில் போடுவீர்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. நவம்பர் வந்துகொண்டிருக்கிறது. மெல்டன் பக்கம் புதிதாகப் போட்டிருக்கும் குடியிருப்பில் வீடு பார்க்கப் போகிறேன்.

மெஷினில் கம்பளிக்கு இடது பக்கத்திலிருந்து மூன்றாவது பொத்தான்.

கெரின்


கிளென்ராய்
ஜனவரி 19, 2019

அன்புள்ள கெரின்,

வெட்டியாயிற்று.

நவம்பரில் பதில் போடவில்லை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடப் போடவில்லை என்று நினைத்திருப்பாய். செய்து முடித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால் அம்மா என்னை அதற்கு மேல் மனிதனாகவே மதிக்க மாட்டாள். விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். போன வாரம் சர்வேயர் வந்து நடுவில் முளை அடித்துவிட்டுப் போனார். ஆரஞ்சு நாடா கட்டியிருக்கிறது. கொட்டகையை நானே பிரித்தேன்.

டாசோஸ் வேலி ஓரம் வந்து நின்றான்.

"என்னடா இது?"

"பின்பக்கத்த நோலீன் பேருக்கு மாத்தறேன். வீடு கட்டப்போறா."

"நீயாடா? பத்து வருஷம் என்னை வீடு வீடா அலையவிட்டியே. என் மச்சான் அவன் இடத்த விக்கப்போனப்ப அவன்கிட்ட நான் பேசறதையே நிறுத்தினேன். உன் பேச்சக் கேட்டுத்தான் நிறுத்தினேன். அவன் சாவுக்குக்கூடப் போகல."

விஷயத்தைச் சொன்னேன், ஆறாவது வீட்டை வாங்கியது யார் என்பதையும். "அப்ப ஊருக்கு ஒரு சட்டம், உன் பொண்ணுக்கு ஒரு சட்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளில் நகராட்சியிலிருந்து தகவல் வந்தது, தெருவில் ஏழு பேர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார்கள். ஏழும் நான் எழுதிக் கொடுத்த வாசகம்தான், மனை எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு மனையாகப் பிரிப்பதற்கு அந்த ஆட்சேபம் எடுபடாது என்று அதிகாரி சொல்கிறார். அனுமதி வந்துவிடும். என்னிடம் தெருவில் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

வந்து பார். வழியை எந்தப் பக்கம் விடுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா


மெல்டன்
ஜனவரி 28

அப்பா,

முகவரியைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். உங்கள் கடிதம் பழைய வீட்டுக்குப் போய் இங்கே திரும்பி வந்தது.

நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டி முடித்திருந்த வீடு, உடனே குடிவரலாம் என்றார்கள். அகலம் எவ்வளவு என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சமையலறை ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர். அவர்கள் வறுப்பது எங்கள் வீட்டில் மணக்கிறது. பின்னால் ஒரு கொடி கட்டத்தான் இடம், அதில் மார்னியின் சைக்கிள் நிற்கிறது. வேலைக்குப் போக முன்னைவிட இரண்டு மடங்கு நேரம். மார்னி புதிய பள்ளியில் யாரோடும் சேரவில்லை. ஆனால் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது.

நீங்கள் ஒரு வரி போட்டிருக்கலாம். "செய்கிறேன், காத்திரு" என்று ஒரே வரி. அம்மா நவம்பர் முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் "விடு, அவன் மாட்டான்" என்றாள். மறுநாள் நான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் தோற்பீர்கள் என்று நினைத்தேன், ஜெயித்தீர்கள். அசைய மாட்டீர்கள் என்று நினைத்தேன், அசைந்தீர்கள். உங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று இருந்தேன். இரண்டு தடவையும் தவறாகக் கணித்து, இரண்டு தடவையும் அந்தத் தெருவில் வீடு இல்லாமல் போனேன். இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தது என்று எனக்கே இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வலிக்கிறது.

அம்மா இங்கேயே இருக்கிறாள். அவள் பாதியை அவள் பெயருக்கு எழுதியதும் விற்றுவிடப் போகிறாளாம். யாருக்கு என்று கேட்டேன். "நல்ல விலை குடுக்கறவனுக்கு" என்றாள். அசுந்தாவின் மனையை வாங்கிய பில்டரே அவளுக்கு போன் செய்திருக்கிறார். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம் என்று எழுதுகிறேன். நீங்கள் எனக்குச் செய்யாததை நான் உங்களுக்குச் செய்கிறேன் என்று சொல்ல முடியாது. நானும் சொல்லாமல் இருந்தவள்தான்.

இனி கேட்க ஒன்றும் இல்லை, அந்த ஒன்றைத் தவிர. அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கெரின்


கிளென்ராய்
பிப்ரவரி 17

அன்புள்ள கெரின்,

நோலீன் கேட்ட காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அவள் யாருக்கு விற்றாலும் அது அவள் பாதி. முளைக்கு அந்தப் பக்கம் நான் போவதில்லை. புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. வெட்டலாம் என்று கை போகும், பிறகு என்னுடையது இல்லையே என்று மெஷினை நிறுத்திவிடுவேன்.

உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆறு மாதமாகக் கேட்கிறாய். நான் சுற்றிச் சுற்றிப் போனேன். "வாபஸ் வாங்கியிருப்பேன், நீதான் முக்கியம் என்றிருப்பேன்" என்று எழுதத்தான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் நீ வருவாய் என்று தெரியும். எழுத முடியவில்லை, ஏனென்றால் உண்மை அதுவல்ல.

நீ சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன், கெரின். விசாரணைக்குப் போயிருப்பேன், எழுந்து நின்றிருப்பேன். வாசலில் வைத்து உன்னிடம் "உனக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்கும், பார்" என்று சொல்லியிருப்பேன். கிடைக்குமா என்று யோசித்திருக்க மாட்டேன். உன் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று என்னையே நம்பவைத்திருப்பேன். நீ அழுதிருந்தாலும் போயிருப்பேன். ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு இருந்தது.

நீங்கள் இருவரும் என்னிடம் மறைத்தீர்கள். அது இன்னும் ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்ததால் நீ இழந்தது ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் வீடும் போயிருக்கும், அப்பா இப்படிப்பட்டவர் என்று ஒரு வருஷம் முன்பே தெரிந்தும் போயிருக்கும்.

இதை எழுதி முடித்து மேசையில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் போடத் தோன்றினால் போடுவேன்.

அப்பா


மெல்டன்
மார்ச் 2

அப்பா,

கடிதம் வந்தது. பல் மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அது எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "அவனே சொல்லுவான்னு நெனைக்கல" என்றாள்.

நீங்கள் வேறு பதில் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இந்தப் பதிலை நம்புகிறேன். நம்புவதால் மன்னிக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை. பிறகு எப்போதாவது முடியலாம், தெரியாது.

சனிக்கிழமை அம்மா தன் தையல் மெஷினை எடுக்க வருகிறாள். மார்னியும் வருவாள், அவளுக்கு உங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. உள்ளே கூப்பிட்டு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். அம்மாவிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவளே பேசுவாள், பேசாமலும் இருப்பாள்.

நான்தான் ஓட்டிக்கொண்டு வருகிறேன். நான் இறங்க மாட்டேன். எதிரில், டாசோஸ் வீட்டுப் பக்கம், காரிலேயே இருப்பேன். கண்ணாடி இறக்கித்தான் இருக்கும்.

கெரின்